கரண்ட் போன வீட்டில் இன்சுலின்

மாசி பிறந்து வெயில் ஏறத் தொடங்கினால் ஹட்டனில் எங்கள் பாமசிக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரும். பேசுவது தோட்டத்திலிருக்கும் அம்மா. மருந்தோ கொழும்பில் கடையில் நிற்கும் மகனுக்கு. "மிஸ், காலையிலிருந்து அங்க கரண்ட் இல்லையாம். ஃப்ரிட்ஜில இருந்த ஊசி மருந்தை வீசிட்டானாம். புதுசு ஒன்னு பஸ்ஸில குடுத்து அனுப்பலாமா?"

வீசியிருக்கவே தேவையில்லை. அதைவிடக் கவலையான விஷயம், வீசிவிட்டு அன்று ராத்திரி ஊசி போடாமல் படுத்துவிடுவது. கொஞ்சம் சூடுபட்ட இன்சுலினால் வரும் கெடுதலைவிட, போடாமல் விட்ட இன்சுலினால் வரும் கெடுதல் பல மடங்கு பெரியது. சின்ன வயதிலிருந்தே இன்சுலினை நம்பி இருப்பவர்களுக்கு ஒரு நாள் விட்டாலே உயிருக்கு ஆபத்தாகலாம்.

கரண்ட் நம் நாட்டில் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நாடு முழுவதும் ஒரேயடியாகப் போனது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று மாட்டிக்கொண்டதுதான் காரணம் என்று அமைச்சர் சொன்னதை நாமெல்லாம் கேட்டுச் சிரித்தோம். 2022 மார்ச் கடைசியில் சிரிக்க முடியவில்லை. நீர்த்தேக்கங்களில் தண்ணீர் இறங்கிப்போய், எண்ணெய் வாங்க டொலரும் இல்லாமல், ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். காசல்ரீயிலும் மவுசாகலையிலும் தண்ணீரைத் தேக்கிக் கொடுக்கும் நம் பக்கத்துக்கும் அதே இருட்டுதான்.

சரி, மருந்துக்கு வருவோம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். திறந்து பாவிக்கிற குப்பியோ, பேனா வடிவ இன்சுலின் ஊசியோ ஃப்ரிட்ஜுக்கு வெளியே, 25 முதல் 30 பாகைக்குள் இருந்தால், பெரும்பாலான வகைகள் நாலு வாரம் வரை தாங்கும். சரியான கணக்கு பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் இருக்கிறது. நுவரெலியாவிலோ ஹட்டனிலோ இருப்பவருக்கு இதில் பயமே வேண்டாம். வெயில் படாத, அடுப்புக்குத் தள்ளியிருக்கிற அலுமாரி மூலையே போதும். தோட்டத்து லய வீட்டில் தகரக் கூரைக்கு நேர் கீழே இருக்கும் தட்டில் மட்டும் வைக்காதீர்கள். பகலில் அங்கே கொதிக்கும்.

கொழும்பில் நிலைமை வேறு. பங்குனியில் பகல் வெயில் 30 பாகையைத் தாண்டும், அறைக்குள் காற்றும் ஓடாது. முதலில் செய்ய வேண்டியது ஃப்ரிட்ஜ் கதவைத் திறக்காமல் இருப்பது. திறக்காவிட்டால் சுமார் நாலு மணி நேரம் குளிர் நிற்கும். அதற்கு மேலும் கரண்ட் வராவிட்டால் குப்பியைச் சின்ன டப்பாவில் போட்டு மூடி, தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் வைத்து, ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். புழுக்கமான கடற்கரைக் காற்றில் மலைநாட்டில் போல அது குளிராது. ஆனாலும் சூடேறிய அறையைவிட நல்லது. திறக்காத குப்பி இப்படி ஒரு தடவை வெளிச்சூட்டில் இருந்துவிட்டால், அன்றைய திகதியைப் பேனாவால் பெட்டியில் எழுதுங்கள். அன்றிலிருந்து நாலு வாரம் என்று கணக்கு வைத்துப் பாவிக்கலாம்.

கெடுப்பது சூட்டைவிட ஐஸ்தான் என்பது என் அனுபவம். கரண்ட் வெட்டு என்று அறிவித்ததும் "நல்லாக் குளிரட்டும்" என்று ஃப்ரீசரில் தூக்கிப் போடுகிறார்கள். ஃபிளாஸ்கில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நேரே சொருகுகிறார்கள். ஒரு தடவை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம், வேலை செய்யாது. அதைத்தான் வீச வேண்டும். ஐஸ் வைத்தே ஆக வேண்டுமென்றால் குப்பியைத் தடித்த துணியில் சுற்றுங்கள்.

பார்த்துக் கண்டுபிடிக்கவும் கொஞ்சம் வழி உண்டு. தெளிந்த வகை இன்சுலின் கலங்கியிருந்தால் போடாதீர்கள். கிளினிக்கில் பலருக்கும் தரும் கலவை இன்சுலின் கலங்கலாகத்தான் இருக்கும். அதை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டிய பிறகும் கட்டி கட்டியாக, திரிதிரியாக நின்றால் வேண்டாம். சந்தேகமாக இருந்தால் சுகரைச் சோதித்துப் பாருங்கள். ஊசி போட்டும் ஏறிக்கொண்டே போனால் குப்பியை மாற்றுங்கள்.

இருட்டில் ஊசி போடுவது இன்னொரு சிக்கல். மெழுகுதிரி வெளிச்சத்தில் சிரிஞ்சின் கோடுகள் சரியாகத் தெரியாது, பத்தும் இருபதும் மாறிப்போகும். டோர்ச்சோ ஃபோன் வெளிச்சமோ பிடிக்க ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் சாப்பாடு. கொழும்பு அறைகளில் ரைஸ் குக்கரை நம்பி இருக்கும் பிள்ளைகள், ஊசியைப் போட்டுவிட்டுக் கரண்ட் போய், பச்சை அரிசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கதைகள் எனக்குத் தெரியும். சாப்பாடு கைக்கு வந்திருப்பதைப் பார்த்த பிறகே ஊசியை எடுக்கச் சொல்லுங்கள். பிஸ்கட் பக்கெட் ஒன்றும் தண்ணீர் போத்தலும் எப்போதும் இருக்கட்டும். மாடி வீடுகளில் கரண்ட் போனால் மோட்டாரும் நிற்கும்.

கடைசியாக, வியர்வை. வெயிலில் தோலுக்கு இரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வேகமாக உடம்பில் ஏறும், சுகர் சட்டென்று இறங்கலாம். இறங்கும்போது வருவது வியர்வை, நடுக்கம், படபடப்பு. ஃபேன் ஓடாத ராத்திரியில் எல்லாருக்கும்தான் வியர்க்கிறது, அதனால் ஒருவரும் கவனிப்பதில்லை. வியர்வையோடு கை நடுங்கினாலோ பேச்சு தடுமாறினாலோ, சோதிக்கும் கருவி இருந்தால் உடனே பாருங்கள். இல்லாவிட்டால் சுகர் இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொண்டு, மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு தடவை. தெளிந்ததும் ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். இதையெல்லாம் மகனிடம் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், அவரோடு அறையில் தங்கியிருப்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை.