துண்டு வெட்டுமுன் வலது கையும் ஒரு காலும்

சுகப்பிரசவம் என்றால் கொழும்பில் மறுநாளே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். இதயத்தில் பெரிய குறையோடு பிறந்த பிள்ளைகூட அந்த ஒரு நாளில் நன்றாகவே பால் குடிக்கலாம். கருவில் நுரையீரல் நாடியையும் பெருநாடியையும் இணைத்திருந்த சிறு குழாய் இன்னும் மூடவில்லை, அதுதான் காரணம். பெரும்பாலும் 2, 3 நாளில் அது மூடிவிடும். சில பிள்ளைகளுக்கு உடம்புக்கோ நுரையீரலுக்கோ குருதி போக அந்தக் குழாயே வழி. மூன்றாம் நாள் வீட்டில் பிள்ளை திடீரென்று துவண்டால், பார்ப்பவருக்கு அது கிருமித்தொற்றுப் போலவே இருக்கும்.

நூறு பிள்ளைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு ஏதோவொரு இதயக்குறை உண்டு. அவற்றில் கால்வாசி அவசரமானவை. இதயத்தில் இரைச்சல் கேட்கவில்லை என்பதை மட்டும் நம்ப வேண்டாம், பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம் மாறிய இதயம் சத்தமில்லாமலே இருக்கலாம்.

பிறந்து 24 மணி நேரம் கழிந்ததும் ஒட்சிசன் அளவைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலது கையிலும் ஒரு காலிலும் பார்க்க வேண்டும். வலது கைக்கான நாடி அந்தக் குழாய்க்கு முன்னரே பிரிகிறது, காலுக்கோ குழாயைத் தாண்டி வரும் குருதி போகிறது. இடது கையில் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாமல் போகலாம். இரண்டிலும் 95 சதவீதத்துக்குக் குறையாமல், இடைவெளி 3க்குள் இருந்தால் சரி. எங்காவது 90க்குக் கீழ் என்றால் உடனே டொக்டர் பார்க்க வேண்டும், எக்கோ எனும் இதய ஸ்கானும் வேண்டும். நடுவில் என்றால் ஒரு மணி நேரத்தில் திரும்பப் பார்ப்பார்கள். கால் குளிர்ந்திருந்தாலும், பிள்ளை அழுதாலும், செங்கமாரி விளக்கு சென்சரில் பட்டாலும் எண் பிழைக்கும். பெருநாடி ஒடுங்கிய குறை இதில் தப்பிவிடக்கூடும், ஆகவே தொடையிடுக்கில் நாடித் துடிப்பையும் தொட்டுப் பார்க்க வேண்டும்.

வீட்டில் நாக்கைப் பாருங்கள். கை கால் நீலம் குளிராலும் வரும், நாக்கு நீலம் அப்படியல்ல. இரண்டு மிடறு குடித்துவிட்டு மூச்சு வாங்கி, நெற்றி வியர்த்து, முலையை விட்டுவிடும் பிள்ளையை ‘அழாத சாதுப் பிள்ளை’ என்று வீட்டில் வைத்திருக்கக் கூடாது. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

குழாயைத் திறந்து வைக்க புரொஸ்டாகிளாண்டின் மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். அது மூச்சையே நிறுத்திவிடக்கூடும், அதனால் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு மாற்றும்போது செயற்கைச் சுவாசத்துக்கான ஆயத்தத்தோடு ஆள் கூடப் போக வேண்டும். நாடிகள் இடம் மாறிய பிள்ளைக்குச் சத்திரசிகிச்சை பொதுவாக முதல் 2, 3 வாரத்துக்குள். தள்ளிப்போனால் நுரையீரல் அழுத்தம் இறங்கி, இடது அறையின் தசை மெலிந்துவிடும்.