மைத்ரி பயிற்சியில் சேர விரும்புகிறவர்களுக்கு

கால்நடை மருத்துவ உதவியாளர் பயிற்சி எங்கே கிடைக்கும் என்று தேடினால் முதலில் கண்ணில் படுவது தனியார் விளம்பரங்கள்தான். சில மாதம் படித்தால் அரசு வேலை உறுதி என்று போட்டிருப்பார்கள். நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள். தமிழ்நாட்டில் கால்நடை ஆய்வாளர் பணிக்கு அரசு முதலில் ஆளைத் தேர்வு செய்கிறது, அதன் பிறகுதான் பயிற்சி தருகிறது. கால்நடை பராமரிப்பு உதவியாளர் என்பதும் துறை அறிவிப்பு வெளியிட்டு ஆள் எடுக்கும் ஒரு பதவி. வெளியே வாங்கிய சான்றிதழ் எதுவும் அந்த வேலையை வாங்கித் தந்துவிடாது.

ஊரிலேயே இருந்து மாடுகளோடு வேலை செய்ய நினைக்கிற இளைஞர்களுக்கு அரசு செலவிலேயே ஒரு பயிற்சி இருக்கிறது. மத்திய அரசின் ராஷ்ட்ரிய கோகுல் இயக்கத்தில் வரும் மைத்ரி திட்டம் அது. செயற்கைக் கருவூட்டல், அதாவது ஊரில் சினை ஊசி என்கிறோமே, அதைப் பால் உற்பத்தியாளர் வீட்டுக்கே போய்ப் போட ஆட்களைத் தயார் செய்வதுதான் இதன் நோக்கம். பயிற்சி 3 மாதம். முதல் மாதம் வகுப்பும் செய்முறையும், அடுத்த 2 மாதம் களத்தில். ஒருவருக்குப் பயிற்சிச் செலவாக 31,000 ரூபாயும் கருவிகளுக்கு 50,000 ரூபாயும் திட்டத்தில் ஒதுக்கப்படுகிறது. இரண்டாவது தொகை தொழிலுக்கான கருவிகளுக்கு உரியது, கைச்செலவுக்கானது என்று எண்ண வேண்டாம்.

கல்வித் தகுதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சில இடங்களில் பத்தாம் வகுப்பு போதும், சில இடங்களில் பிளஸ் டூ கேட்கிறார்கள். கருவூட்டல் வசதி எட்டாத கிராமங்களுக்கு ஆள் வேண்டும் என்பதற்காக வந்த திட்டம் என்பதால், அந்தப் பகுதியிலேயே குடியிருப்பவராக இருப்பது முக்கியம். அதனால் இருப்பிடச் சான்று, மதிப்பெண் சான்றிதழ், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தக நகல் எல்லாம் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கடைசித் தேதி தாண்டிவிடும்.

இது கைப்பழக்கம் வேண்டிய தொழில். உறைவிந்து நிரப்பிய குச்சிகள் திரவ நைட்ரஜன் குடுவையில் மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும். வெளியே எடுத்த குச்சியை ஏறக்குறைய 37 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் வைத்து உருக்கி, தாமதிக்காமல் போட வேண்டும். ஒரு கையை மாட்டின் மலக்குடல் வழியாக விட்டுக் கருப்பைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கருவூட்டல் துப்பாக்கி என்கிற நீண்ட, மெல்லிய குழல் கருவியைச் செலுத்துவார்கள். இதற்குக் கூச்சப்படுகிறவர்கள் சேரும் முன் ஒரு நாள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் நின்று பார்ப்பது நல்லது. நேரமும் தெரிய வேண்டும். காலையில் பருவத்துக்குக் கத்திய மாட்டுக்கு அன்று மாலையும், மாலையில் கத்தியதற்கு மறுநாள் காலையும் ஊசி போடுவது வழக்கம். தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு சுமார் 21 நாள் காத்திருக்க வேண்டும். அத்தனை நாளும் தீவனச் செலவு மாட்டுக்காரரின் தலையில்தான் விழும். அதனால்தான் தேர்வில் வாங்கும் மதிப்பெண்ணைவிட, கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்கும் குணம் பெரிது என்று நினைக்கிறேன். அப்புறம், போட்ட ஊசியை மாட்டின் காது வில்லையில் உள்ள 12 இலக்க எண்ணோடு செயலியில் பதிய வேண்டும். கைப்பேசியில் தகவல் பதியத் தெரிந்திருக்க வேண்டும்.

மாதச் சம்பளம் கிடையாது. பயிற்சி முடித்தவர் செய்யும் சேவைக்கும் பொருளுக்கும் உரிய கட்டணத்தை வாங்கித்தான் பிழைக்க வேண்டும். மாடுகள் நிறைய உள்ள, பால் கூட்டுறவு சங்கம் நன்றாக நடக்கிற ஊர் என்றால் இது நின்று நிலைக்கும். வீட்டுக்கு ஒரு மாடு என்று சிதறிக் கிடக்கும் ஊரில் பெட்ரோல் செலவே வருமானத்தைத் தின்றுவிடும். விண்ணப்பிக்கும் முன் சங்கச் செயலாளரிடம் எத்தனை கறவை மாடு இருக்கிறது, இப்போது யார் ஊசி போடுகிறார்கள் என்று கேட்டுவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர்தான் வைத்தியம் செய்யலாம். கால்நடை உதவியாளர் போன்ற சான்றிதழ் உள்ளவர்கள், மாநில அரசு அனுமதித்தால், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு, காயடித்தல் போன்ற சிறு உதவிகளைச் செய்யலாம். அந்த எல்லையைத் தாண்டி, கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டுக்குத் தாமாகவே மருந்து போட்டு அது செத்துப்போனால், ஒரு குடும்பத்தின் பிழைப்பே போய்விடும். சட்டச் சிக்கலும் வந்து சேரும்.

தமிழ்நாட்டில் உள்ளவர்கள் உங்கள் மாவட்டத்தின் கால்நடை பராமரிப்புத் துறை மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் விசாரியுங்கள். அடுத்த குழு எப்போது, எந்த ஒன்றியங்களுக்கு ஆள் எடுக்கிறார்கள், பயிற்சி எங்கே என்று இந்த மூன்றையும் கேளுங்கள். ஆன்லைனில் 'பதிவுக் கட்டணம்' கேட்டு யாராவது இணைப்பு அனுப்பினால், அதே அலுவலகத்தில் காட்டிச் சரிபார்க்காமல் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.