மைசூர்ப் பருப்பும் வேதாரண்யத்துக் கிணறும்

வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தோட்டத்தில் போர் போடுமுன் நிலம் பார்க்க வந்தவர், 'இங்கே நன்னீர் லென்ஸ் மாதிரி கிடக்கிறது, ஆழம் போகாதீர்கள்' என்றார். மூக்குக்கண்ணாடிக்கும் கிணற்றுக்கும் என்ன உறவு?"

உறவு பருப்பு வழி. நம் கடைகளில் மைசூர்ப் பருப்பு என்று விற்கிறார்களே, அதற்கு இலத்தீனில் 'லென்ஸ்' என்று பெயர். உடைக்காத முழுப் பயறைப் பாருங்கள்: நடுவில் புடைத்து, விளிம்பில் மெலிந்திருக்கும். கண்ணாடிச் சில்லும் அதே உருவில் இருந்ததால் 17ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது. 'குட்டிப் பயறு' என்ற சொல்லிலிருந்து வந்ததுதான் நிலவியல்காரர்களின் 'லெண்டிகுலர்'. லென்ஸை நாம் வில்லை என்கிறோம். சூட வில்லை, மாத்திரை வில்லை என்பதில் வட்டம் தெரிகிறது, புடைப்பு தெரியவில்லை. இந்த ஓரிடத்தில் பயறுக்கே என் ஓட்டு.

சரி, கிணற்றுக்கு வருவோம். கோடியக்கரை வரை நீளும் மணல்மேடுகளில் மழைநீர் ஊறி இறங்குகிறது, அடியில் உப்புநீர். நன்னீர் லேசானது, மிதக்கும். எவ்வளவு ஆழத்துக்கு என்பதில்தான் அழகு. ஒரு லிட்டர் நன்னீர் 1,000 கிராம், கடல்நீர் ஏறத்தாழ 1,025. ஆகவே 41 அடி நன்னீர்த் தூணும் 40 அடி கடல்நீர்த் தூணும் சம எடை. பெருக்கிப் பாருங்கள், இரண்டும் 41,000! கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால், கீழே 40 அடி வரை அது உப்பை அழுத்தி வைத்திருக்கும். மேட்டின் நடுவில் நீர்மட்டம் சற்று உயர்வு, கடலோரம் தாழ்வு. மேலே கண்ணுக்கே தெரியாத வளைவு; கீழே அதைப்போல் 40 மடங்கு தொப்பை. பயறு தயார். நெதர்லாந்தின் பாடோன் கைபனும் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்க்கும் 1900-ஐ ஒட்டித் தனித்தனியே போட்ட கணக்கு இது. (குறுக்கே களிமண் படுகை வந்தால் கணக்கு அங்கேயே நின்றுவிடும்.)

இதே கணக்கு திருப்பியும் கடிக்கும். மோட்டார் இழுத்து நீர்மட்டம் 1 அடி இறங்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். உடனே ஏறாது, நாள் பிடிக்கும், அதனால்தான் ஏமாந்துபோகிறோம்.

உள்ளங்கையில் தேங்காயை நிறுத்தி நீரோட்டம் பார்ப்பவரை அழைக்காதீர்கள். இந்த மணலில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் உண்டு. அவர் தோற்கவே முடியாத ஊர் இது. எத்தனையாவது அடியில் உப்பு என்பதைத் தேங்காய் சொல்லாது. அதற்கு, இறைக்காமல் அளந்து பார்ப்பதற்கென்றே ஊருக்கொரு நோக்குக் கிணறும், நீரின் மின்கடத்துதிறனை (உப்பு கூடினால் இதுவும் கூடும்) அளக்கும் கையடக்கக் கருவியும் போதும். ரிப்பன் வெட்டிப் படம் எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. பணம் ஒதுக்க ஆள் இல்லாததற்கு அதுவே காரணம் என்பது என் சந்தேகம்.

உங்கள் தோட்டத்துக்கு ஆழமான ஒரு போர் வேண்டாம். தள்ளித் தள்ளி நாலைந்து மேலோட்டமான ஊற்றுகள் பறித்து, ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக இறையுங்கள். உங்கள் பாட்டி காலத்தில் கொட்டாங்கச்சியால் மொண்டபோது நீர்மட்டம் ஒரு விரற்கடைகூட இறங்கியிருக்காது.