அலையாத்திக் கன்று ஏன் செத்துப் போகிறது?

தொண்டிக்கும் தேவிபட்டினத்துக்கும் நடுவே கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் காரங்காடு வரும். மீன்பிடி ஊர். ஊரை ஒட்டிச் சிற்றாறு பாக் விரிகுடாவில் கலக்கிற இடத்தில் அலையாத்திக் காடு (மாங்குரோவ்) நிற்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அங்கே படகுச் சவாரி நடத்துகிறார்கள். ராமநாதபுரம் என்றாலே வறட்சியும் சீமைக்கருவேலமும்தான் என்று நினைத்து வருகிறவர்கள் அந்தப் பச்சையைப் பார்த்து அசந்து போகிறார்கள். உடனே ஒரு கேள்வியும் வரும்: இதையே கரை நெடுக நட்டால் என்ன?

ஒன்றிய அரசுக்கும் அந்த எண்ணம் உண்டு. 2023 பட்ஜெட்டில் அறிவித்து, அந்த ஆண்டு ஜூன் 5-இல் தொடங்கிய ‘மிஷ்டி’ திட்டத்தின் இலக்கு, 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் சேர்த்து சுமார் 540 சதுர கிலோமீட்டரில் 5 ஆண்டுகளுக்குள் அலையாத்தியை வளர்ப்பது. இதற்குப் பின்னால் இன்னும் பெரிய வாக்குறுதி ஒன்று இருக்கிறது. 2030-க்குள் காடுகள், மரங்கள் மூலம் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான அளவை உறிஞ்சிக்கொள்வோம் என்று 2015-இல் பாரிஸ் உடன்படிக்கைக்காக இந்தியா சொல்லியிருக்கிறது.

சரி, நட்டால் வளருமா? அது நடுகிற இடத்தின் உயரத்தைப் பொறுத்தது. கடல் மட்டத்தோடு ஒப்பிட்டு, சில சென்டிமீட்டர் கணக்கில் பார்க்க வேண்டிய உயரம்.

நம் கரையில் அதிகம் இருப்பது வெண்கண்டல். சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லாததால் அதன் கிடைவேர்களிலிருந்து பென்சில் கனத்தில் மூச்சுவேர்கள் செங்குத்தாக மேலே கிளம்புகின்றன. அவற்றின் தோலில் உள்ள நுண்துளைகள் வழியே காற்று நுழைந்து, பஞ்சு போன்ற திசு வழியாகக் கீழே இறங்குகிறது. தண்ணீர் ஏறும்போது துளைகள் மூழ்கும், வற்றும்போது திறந்து மூச்சு வாங்கும். நாளுக்கு இத்தனை மணி நேரம் மூச்சுவேர் காற்றில் இருந்தாக வேண்டும். எந்நேரமும் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில் நட்டால் கன்று மூச்சுத் திணறிச் சாகிறது. மூச்சுவேரே விடாத சின்னக் கன்றுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

அப்படியானால் மேட்டில் நடலாமே என்றால், அங்கே உப்பு காத்திருக்கிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. எப்போதாவது மட்டும் கடல் ஏறுகிற மேட்டில் வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை விட்டுப் போகும். அடுத்த ஏற்றம் வந்து கழுவும் முன் மண்ணின் உப்பு கடலைத் தாண்டிவிடும். வாலிநோக்கத்தில் உப்பளம் நடப்பதும் இதே வெயிலை நம்பித்தான். வெண்கண்டல் இலை வழியாக உப்பை வெளியேற்றத் தெரிந்த மரம். வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் விரலில் உப்புப் பொடி ஒட்டும். அதற்கும் ஒரு வரம்பு உண்டு. வரம்பை நெருங்கும்போது குட்டையாகக் குறுகி நிற்கும், தாண்டினால் பட்டுப்போகும்.

ஆக, பள்ளமும் ஆகாது, மேடும் ஆகாது. பொதுவாக அலையாத்தி வாழ்வது சராசரிக் கடல் மட்டத்துக்கும் பெரிய ஏற்றம் தொடும் கோட்டுக்கும் இடைப்பட்ட பட்டையில். குஜராத்தின் காம்பே வளைகுடா போல ஏற்றவற்றம் பல மீட்டர் வித்தியாசப்படுகிற இடத்தில் இந்தப் பட்டையும் அகலமானது. கொஞ்சம் தவறினாலும் கன்று பிழைக்கும். பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குக் குறைவு. அதில் பாதிதான் மரத்துக்கு உரியது. ஒரு சாண் மேலே கீழே போனால் கணக்கு தப்பிவிடும். ஒரே எண்ணிக்கையில் கன்றும், ஒரே தொகையும், ஒரே வழிகாட்டிப் புத்தகமும் எல்லா மாநிலங்களுக்கும் போனால் நம் கரையில் என்ன நடக்கும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

போதாததற்குக் கடல் மட்டமே ஆண்டு முழுக்க ஒன்றாக இருப்பதில்லை. வாடை அடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் தமிழகக் கரையில் தண்ணீர் உயர்ந்து நிற்கிறது. காற்று தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளுகிறது, நீரோட்டமும் மாறுகிறது. தென்மேற்குக் காற்றான கச்சான் அடிக்கிற காலத்தில் அது இறங்கிவிடும். ஒரே நாளில் போய் அளந்துவிட்டு வந்தால், அளந்த மாதத்துக்கு மட்டுமே அந்த மட்டம் சரியாக இருக்கும். எந்த மாதத்தில் எந்தத் திட்டு மூழ்கும், எது காயும் என்பது நண்டு பிடிக்கிறவர்களுக்குத் தெரியும். திட்ட அறிக்கைகளில் இந்த அறிவுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

தமிழ்நாட்டில் இதற்கு வழி கண்ட முன்கதை ஒன்று உண்டு. பிச்சாவரத்தில் பழைய காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்கள் வெயிலில் காய்ந்து மண் அமிழ்ந்து, தொட்டி போலக் குழிந்தன. உள்ளே வந்த கடல்நீர் வெளியேற முடியாமல் தேங்கி, வற்றி, உப்பு ஏறியது. அங்கே எத்தனை முறை நட்டாலும் பிழைக்காது. 1990-களில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் கண்ட தீர்வு மீன்முள் வடிவ வாய்க்கால். ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதிலிருந்து இருபக்கமும் சாய்வாகச் சின்னச் சின்னக் கிளைகள். ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே போய், வற்றத்தில் உப்பையும் அள்ளிக்கொண்டு வெளியேறும். கன்றை வாய்க்காலின் சரிவில், ஏற்றம் நனைத்துவிட்டுப் போகிற உயரத்தில் நட்டார்கள். மரம் பிடித்தது. முத்துப்பேட்டையிலும் இதே முறை பயன்பட்டது.

ஒரு சோதனை வெற்றி பெற்றதும் அதைப் பெருக்குகிறார்கள். பெருக்கும்போது எது பெருகுகிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. முதல் இடத்தில் வாய்க்கால் வெட்டும் முன் மட்டம் பார்த்திருப்பார்கள், உப்பு சோதித்திருப்பார்கள், ஊரோடு பேசியிருப்பார்கள். இதெல்லாம் போட்டோவில் விழாது. வாய்க்காலும் கன்றும் விழும். அதனால் அடுத்த 100 இடங்களுக்கு வாய்க்காலும் கன்றும் போகின்றன, மட்டம் பார்க்கிற வேலை பின்தங்கிவிடுகிறது. தேங்காத இடத்திலும் வாய்க்கால் வெட்டினால் நல்லபடி இருந்த நீரோட்டம் கெடும். வெட்டிய வாய்க்கால் சில ஆண்டுகளில் தூர்ந்தும் போகும். அதைத் தூர்வாரும் நேரத்தில் திட்டக் காலம் முடிந்திருக்கும்.

நமக்கு எதிர்க்கரையான இலங்கையில் இதன் விளைவை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு அங்கே சுமார் 1,000 ஹெக்டேரில் அலையாத்தி நடப்பட்டது. ஆய்வாளர்கள் பின்னால் போய்ப் பார்த்தபோது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு பரப்பில்தான் காடு உருவாகியிருந்தது. தவறான மட்டம், பராமரிப்பு இல்லாமை, இடத்துக்குப் பொருந்தாத இனம் எல்லாம் காரணங்கள். சுரபுன்னை என்கிற அலையாத்தி இனத்தின் முளைவிட்ட காய் ஒரு முழக் குச்சி போல இருக்கும், சேற்றில் குத்தினால் நின்றுவிடும். நடுவது எளிது என்பதற்காகவே உலகின் பல இடங்களில் பொருந்தாத மண்ணிலும் அதையே நட்டிருக்கிறார்கள். நம் பக்கம் இன்னொரு ஆபத்து உண்டு. கரையோரம் மரமில்லாமல் கிடக்கிற ஆழமற்ற சேற்றுப் பரப்பு ‘சும்மா கிடக்கிற’ இடமாகத் தெரியலாம். அங்கே கடற்புல் இருந்தால் அது கடல்பசுவின் மேய்ச்சல் நிலம், அதுவும் மண்ணுக்குள் கார்பனைச் சேமிக்கிற இடம். அங்கே கன்று நடவே கூடாது.

அப்புறம் நாட்காட்டி. அரசின் நிதியாண்டு மார்ச் 31-இல் முடிகிறது. வெண்கண்டலின் விதை மழைக்காலத்தை ஒட்டி முதிர்கிறது. வடகிழக்குப் பருவமழைதான் ராமநாதபுரத்து மண்ணில் உப்பைக் கழுவுகிறது. பணம் தை, மாசியில் வந்து, மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும் என்றால் கன்று நேராகப் பங்குனி வெயிலுக்குள் போகிறது. வைகை கடலைத் தொடுவதே அரிதான மாவட்டத்தில் அதைக் காப்பாற்ற நன்னீரும் வராது.

கார்பன் கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். அலையாத்தியின் கார்பனில் பெரும்பங்கு சேற்றுக்குள் இருக்கிறது. அங்கே ஆக்சிஜன் இல்லை, அதனால் வேரும் இலையும் மெதுவாகவே மட்குகின்றன. கடல்நீரின் சல்பேட்டைப் பயன்படுத்தும் நுண்ணுயிரிகள் முந்திக்கொள்வதால் மீத்தேனும் குறைவாகவே உருவாகிறது. ஒரு டன் கார்பன் மண்ணில் தங்கினால் காற்றில் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததாகக் கணக்கு. ஆனால் வறண்ட, உப்பு மிகுந்த நம் கரையில் மரம் குட்டை, சேகரமும் மெதுவாகத்தான் நடக்கும். சுந்தரவனத்தின் எண்ணை இங்கே ஒட்ட வைப்பது தவறு. இறாலுக்கும் நண்டுக்கும் வளர்விடம், கரைக்குக் காப்பு என்பவையே இந்த ஊர்களுக்கு நேரடியாகக் கிடைக்கிற பலன்.

மட்டம் பார்ப்பது அத்தனை கஷ்டமா என்றால், இல்லை. பக்கத்தில் தானாக வளர்ந்து செழிப்பாக இருக்கிற மரத்தின் அடிமண்தான் அளவுகோல். குறைந்த தூரத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கிற டியூப் மட்டமே போதும், தூரம் கூடினால் சர்வே கருவி வேண்டும். கைவிட்ட உப்பளமோ இறால் பண்ணையோ சரியான உயரத்தில் இருந்தால் கன்றே நட வேண்டாம். அதைச் சுற்றிய வரப்பை உடைத்துக் கடலை உள்ளே விட்டால், பக்கத்துக் காட்டின் விதை மிதந்து வந்து தானே பிடிக்கும். செலவும் குறைவு. ஆனால் ‘நட்ட கன்று எத்தனை’ என்று கேட்கிற படிவத்தில் அதற்கு பூஜ்ஜியம்தான் எழுத முடியும். அந்தப் படிவத்தை மாற்ற வேண்டும். முதல் ஆண்டின் தொகையை மட்டமும் உப்பும் அளப்பதற்குக் கொடுக்கட்டும், அளந்து சரிப்படாத இடத்தை விட்டுவிட்டாலும் கொடுக்கட்டும். மீதியை மூன்றாம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் உயிரோடு நிற்கிற பரப்பைப் பார்த்து, வாய்க்காலைத் தூர்வாரிக் காத்த ஊர்க்குழுவின் கணக்கில் போடட்டும்.