மூன்று ஆசனமும் கால்வாசி வாக்கும்

இரவுச் செய்தி முடிந்து ரீவியில் அரசியல் விவாதம் தொடங்குகிறது. ஓர் ஆய்வாளர் "வடக்கு மாறிவிட்டது" என்கிறார். பக்கத்தில் இருப்பவர் "ஒன்றும் மாறவில்லை" என்கிறார். மனுசன் முதலாமவருக்குத் தலையாட்டுகிறார். "இஞ்சாருங்கோ, மற்றவர் சொல்லுறதையும் கேளுங்கோவன்" என்கிறா மனுசி. "உமக்கு விளங்காது, சும்மா இரும்." அடுத்தது றிமோட்டுக்கு இழுபறி.

இதில் பொய் சொல்வது யார்? பெரும்பாலும் எவருமில்லை. இலங்கையின் 2024 நவம்பர் 14 பொதுத் தேர்தலில் வடக்கையே பார்ப்போம். கிளிநொச்சியையும் சேர்த்த யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்கு 6 ஆசனங்கள். தெற்கைத் தளமாகக் கொண்ட தேசிய மக்கள் சக்தி எடுத்தது 80,830 வாக்குகள், அதாவது செல்லுபடியான வாக்குகளில் ஏறத்தாழ 25 வீதம். கிடைத்ததோ 3 ஆசனங்கள். "ஆசனங்களில் பாதி" என்று ஒருவர் சொல்லலாம். "நாலு பேரில் மூன்று பேர் அவர்களுக்குப் போடவில்லை" என்று மற்றவர் சொல்லலாம். இரண்டும் சரி.

கால்வாசி எப்படி அரைவாசியானது? மாவட்டத்தில் முதலிடம் வந்த கட்சிக்கு முதலில் ஒரு போனஸ் ஆசனம். பிறகு 5 வீதத்துக்குக் குறைவாக எடுத்த கட்சிகள், சுயேச்சைக் குழுக்களின் வாக்குகளைக் கழிக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் சின்னச் சின்னக் குழுக்கள் நிறையப் போட்டியிட்டதால் இப்படிக் கழிந்த வாக்குகள் கொஞ்சமல்ல. மிஞ்சியதை 5 ஆசனங்களால் பிரித்தால் ஓர் ஆசனத்தின் 'விலை' வரும். அந்த முறை அது ஏறத்தாழ 48,000. 80,830இல் ஒரு விலை போக மீதி ஏறத்தாழ 32,800. 63,327 எடுத்த, வடக்கின் பழைய தமிழ்க் கட்சியான தமிழரசுக் கட்சிக்கும் ஓர் ஆசனம் போக மீதி 15,000 சொச்சம். வேறு எவரும் விலையை எட்டவில்லை. எஞ்சிய 3 ஆசனங்களும் பெரிய மீதி உள்ளவர்களுக்குப் போகும். 32,800தான் எல்லாவற்றிலும் பெரிய மீதி. ஆக போனஸ் ஒன்று, விலைக்கு ஒன்று, மீதிக்கு ஒன்று. ஏறத்தாழ 28,000 வாக்குகள் எடுத்த இரு தரப்புகள் மற்ற இரண்டையும் பெற்றன.

இவ்வளவையும் விளக்க விவாதத்தில் நேரமில்லை. ஆளுக்கொரு எண்ணைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி.

அடுத்த சிக்கல் பார்ப்பவரின் தலைக்குள் இருக்கிறது. 1985இல் வெளியான ஸ்ரான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில், 1982இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் நடந்த பாலஸ்தீன அகதிகள் படுகொலை பற்றிய ஒரே செய்தித் துண்டுகளை 144 மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். இஸ்ரேல் ஆதரவாளர், அரபு ஆதரவாளர் இரு பகுதியினருமே "செய்தி எங்களுக்கு எதிராகச் சாய்கிறது" என்றார்கள். விசயம் அதிகம் தெரிந்தவர்களுக்கே சாய்வும் அதிகமாகத் தெரிந்தது. ஆகவே வீட்டில் தினமும் மூன்று பேப்பர் வாசிப்பவர் நடுநிலையாகப் பார்ப்பார் என்று நம்ப வேண்டாம்.

ஆய்வாளரின் குரல் உறுதியையும் நம்ப முடியாது. உளவியலாளர் ஃபிலிப் ரெற்லொக் 284 நிபுணர்களின் எதிர்வுகூறல்களை ஏறத்தாழ 20 வருடங்கள் சேகரித்து, 2005இல் நூலாக்கினார். எல்லாவற்றையும் ஒரே பெரிய கருத்தால் விளக்குபவர்களின் கணிப்புகளே அதிகம் பிழையாகின. ஊடகங்கள் விரும்பி அழைத்ததும் பெரும்பாலும் அவர்களைத்தான். "ஒருவேளை", "ஆனாலும்" என்று இழுப்பவரை வைத்து நிகழ்ச்சி நடத்துவது கஷ்டம்.

வீட்டில் செய்யக்கூடியது இது. ஆய்வாளர் ஓர் எண் சொன்னதும் "எதிலை எத்தனை?" என்று கேளுங்கள். மொத்த வாக்கிலா, ஆசனத்திலா, போன தேர்தலோடு ஒப்பிட்டா? அதை இருவரும் உறுதிசெய்யும் வரை சரி பிழை பேச வேண்டாம். "உமக்கு விளங்காது" என்ற வசனம் வந்துவிட்டால் எண்ணுக்கு அங்கே வேலையில்லை. தம்பதியர் சண்டைகளை ஆராய்ந்த ஜோன் கொட்மனின் கணிப்பில், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் மற்றவர் சொல்வது காதில் ஏறாது. உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். ஒருவர் எழும்பிப் போய்ப் பிளேன்ரீ போடலாம். போடும்போது "அந்தாளுக்கு என்ன தெரியும்" என்று மனதுக்குள் அரைத்துக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. 20 நிமிடம் கழித்து வந்தால் அனேகமாக நாடகம் தொடங்கியிருக்கும்.