‘ஸோல்’ என்று முடிவதெல்லாம் கேஸ் மாத்திரை இல்லை

“கடைசியில ‘ஸோல்’னுதானே போட்டிருக்கு, வயித்தெரிச்சலுக்கு இதையே போட்டுக்கலாம்ல?” மருந்துக் கடைக் கவுண்டரில் இந்தக் கேள்வி ஓயவே மாட்டேன் என்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்களைப் பற்றிக் கவலையில்லை. கேட்காமலே வீட்டு டப்பாவைத் துழாவி, பெயரின் வாலை மட்டும் படித்து விழுங்கிவிடுகிறவர்களுக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

வாலில் அர்த்தமே இல்லை என்று சொல்லவரவில்லை. மருந்தின் பொதுப்பெயர்களை (கம்பெனி வைக்கும் வணிகப்பெயர் அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர்) உலக சுகாதார நிறுவனம் 1953 முதல் பட்டியலிட்டு வருகிறது. ஒரே வேலை செய்யும் மருந்துகளுக்கு ஒரே முடிவு இருக்கட்டும் என்பது அதில் ஒரு ஏற்பாடு. பிரஷர் மருந்துகளில் எனலாப்ரில், ராமிப்ரில் இரண்டும் ஒரு குடும்பம்; லோசார்ட்டன், டெல்மிசார்ட்டன் இன்னொன்று. அட்டெனொலால், மெட்டோப்ரொலால் என ‘ஒலால்’ வரிசை ஒன்று. எல்லாம் சரி. ஆனால் இந்த ஏற்பாடு, எத்தனை எழுத்து பொதுவாக இருக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குத்தான் பயன்படும்.

‘ஸோல்’ ஆங்கிலத்தில் நாலே எழுத்து. அதை வைத்துக்கொண்டு ஒன்றுமே சொல்ல முடியாது. குறைந்தது ஏழெட்டு எழுத்தாவது பின்னோக்கிப் போய்ப் பாருங்கள். ‘ப்ரஸோல்’ என்று இருந்தால் ஓமெப்ரஸோல், பான்டோப்ரஸோல் வகை. வயிற்றில் அமிலச் சுரப்பைக் குறைப்பவை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போடுபவை. ‘கோனஸோல்’ என்றால் படர்தாமரை போன்ற பூஞ்சைத் தொற்றுக்கு: ஃப்ளுகோனஸோல், இட்ராகோனஸோல். ‘நிடஸோல்’ என்றால் அமீபா, சில வகை பாக்டீரியா: மெட்ரோநிடஸோல், டினிடஸோல். ‘பெண்டஸோல்’ என்றால் பூச்சி மாத்திரை. கார்பிமஸோல் தைராய்டு அதிகமாகச் சுரப்பவர்களுக்கு. லெட்ரோஸோல் மார்பகப் புற்றுநோய்க்கும், சில சமயம் குழந்தைப்பேறு சிகிச்சைக்கும். கர்ப்பிணி வயிற்றெரிச்சலுக்கு என்று நினைத்து லெட்ரோஸோலைப் போட்டால் என்ன ஆகும்? கரு பாதிக்கப்படலாம்.

‘ப்ரஸோல்’ வரைக்கும் எண்ணிவிட்டோம், இனிப் பயமில்லை என்றும் இருந்துவிடாதீர்கள். அரிபிப்ரஸோல் என்று ஒன்று உண்டு. அதிலும் ஆங்கிலத்தில் கடைசி ஏழு எழுத்து அச்சு அசலாக ‘ப்ரஸோல்’தான். அது மனச்சிதைவு, இருமுனைக் கோளாறுக்கான மருந்து. அதற்கு முன்னால் இருக்கும் இரண்டு எழுத்தையும் சேர்த்து ‘பிப்ரஸோல்’ என்று படித்தால்தான் குடும்பம் தெரியும். ராபெப்ரஸோலும் அரிபிப்ரஸோலும் மருந்தாளுநர்களையே தடுமாற வைக்கும் ஜோடி. அதனால்தான் வேறுபடும் எழுத்துகளை மட்டும் ஆங்கில கேப்பிடல் எழுத்தில் அச்சிடும் முறை வந்தது. தொழிலில் இருப்பவர்களுக்கே இந்த முன்னெச்சரிக்கை தேவைப்படும்போது, கண்ணாடி போடாமல் படிக்கிறவர் எந்த மூலைக்கு?

இந்த ‘ஸோல்’களில் ஒன்று இன்னொன்றைக் கெடுப்பதும் உண்டு. இட்ராகோனஸோல் கேப்ஸ்யூல் உடம்பில் சேர வயிற்றில் அமிலம் வேண்டும். கூடவே ஓமெப்ரஸோல் போட்டால் அமிலம் குறைந்து, பூஞ்சை மருந்து வீணாகிறது. படை போகவில்லை என்று மருத்துவரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் முதலில் தினமும் காலையில் போடும் கேஸ் மாத்திரையைப் பற்றிச் சொல்லுங்கள்.

வணிகப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒற்றை எழுத்து இன்னும் மோசம், அதற்குப் பொது விதியே கிடையாது. ‘டி’ என்றால் பான்டோப்ரஸோலுடன் வரும்போது டொம்பெரிடோன் என்ற வாந்தி மருந்து. கால்சியத்துடன் வரும்போது வைட்டமின் டி. ‘எம்’ சுகர் மாத்திரையில் மெட்ஃபார்மின், அலர்ஜி மாத்திரையில் மான்டெலுகாஸ்ட். ‘ஹெச்’ பிரஷர் மாத்திரையில் சிறுநீர் பிரியச் செய்யும் மருந்து. ‘எஸ்.ஆர்.’ என்றால் மெதுவாகக் கரையும் மாத்திரை. மருத்துவரைக் கேட்காமல் உடைக்காதீர்கள், பொடிக்கவே பொடிக்காதீர்கள். வெளிநாட்டிலும் இந்தத் தலைவலி உண்டு: அமெரிக்காவில் லோசெக் என்ற அமில மருந்தின் பெயரை, லாசிக்ஸ் என்ற நீர் மாத்திரையோடு குழம்புகிறது என்பதால் 1990-இல் ப்ரைலோசெக் என்று மாற்றினார்கள்.

நம் நாட்டில் 2018 செப்டம்பரிலிருந்து அட்டையில் பொதுப்பெயரை வணிகப்பெயரைவிடப் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும் என்பது விதி (மூன்றும் அதற்கு மேலும் மருந்து கலந்தவற்றுக்கும், வைட்டமின் கலவைகளுக்கும் விலக்கு). அந்தப் பெயரை முழுதாகப் படியுங்கள், முதல் எழுத்திலிருந்து. முன்பு வாங்கிய அட்டையில் இருப்பதும் இப்போது கொடுத்திருப்பதும் ஒரே பொதுப்பெயரா, ஒரே மில்லிகிராமா? கடைக்காரரிடம் கேட்டுவிட்டே நகருங்கள். அவர் முறைத்தாலும் பரவாயில்லை.

‘ப்ரில்’ போட்டு வறட்டு இருமல் வந்து, மருத்துவர் ‘சார்ட்டன்’ எழுதிக்கொடுத்தால், பழைய அட்டையைத் தூக்கி எறியுங்கள். வீணாகிறதே என்று இரண்டையும் சேர்த்துப் போட்டால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம். ‘ஒலால்’ போடுகிறவர்கள் தாமாக ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. ஆஸ்துமா இருந்தால் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மெட்ரோநிடஸோல் போடும்போதும் முடித்து மூன்று நாள் வரையும் மது வேண்டாம். வாந்தியும் முகச் சிவப்பும் வரலாம். கார்பிமஸோல் போடும்போது காய்ச்சலோடு தொண்டை வலி வந்தால் கசாயம் வைத்துக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரைப் பாருங்கள், ரத்தப் பரிசோதனை தேவைப்படும்.

பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவர்களிடம் மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: ‘சிலின்’ என்று முடியும் எதையும் தனி மருந்தாக நினைக்காதீர்கள். அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், குளோக்ஸாசிலின் எல்லாம் ஒரே குடும்பம். சளிக்காகக் கொடுக்கும் மாத்திரையில் அமாக்ஸிசிலின், கிளாவுலானிக் அமிலத்தோடு சேர்ந்து வரும், வணிகப்பெயரில் அதன் சாயலே இல்லாமலும் இருக்கலாம். ‘பென்சிலின் அலர்ஜி’ என்று ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அலர்ஜி இருப்பதைச் சொல்லாமல் ஊசியோ மாத்திரையோ வாங்காதீர்கள்.