மிஸ்ஸிங் போய்விட்டது, இழுவை மட்டும் திரும்பவில்லை: ஒரு காரின் கோளாறு வளர்ந்த கதை

காரமடையிலிருந்து ஓர் அண்ணா மேட்டுப்பாளையத்தில் இருக்கும் என் பட்டறைக்குக் கார் கொண்டுவந்தார். 2016 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 78,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. இறங்கியதுமே, "ஏனுங்க தம்பி, கல்லாறு தாண்டினா மேட்டுல இழுக்கவே மாட்டேங்குதுங்க. முதல் கியர்லயே போக வேண்டியிருக்குது. இதுவரைக்கும் இருபதாயிரம் செலவு பண்ணிட்டனுங்க" என்றார். கையில் ஒரு மஞ்சள் பை, அதில் பில்கள்.

நான் பானெட்டைத் திறக்கவில்லை. பில்களை வாங்கித் தேதி வாரியாக அடுக்கினேன். முதல் பில்லில் மூன்றாம் சிலிண்டரின் இக்னிஷன் காயில், அதாவது பிளக்கில் பொறி வர வோல்டேஜ் தரும் பாகம். அதற்கு மூன்று வாரம் கழித்துத் திராட்டில் பாடி கிளீனிங், ஏர் ஃபில்டர். அடுத்து இன்ஜெக்டர் கிளீனிங். பிறகு பெட்ரோல் பம்ப். கடைசியாக ஓர் ஆக்சிஜன் சென்சார். பார்த்த ஒவ்வொருவரும் அன்றைக்கு இருந்த கோளாறை மட்டும் பார்த்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. காயில் கெட்டால் அந்தச் சிலிண்டர் எரியாமல் விட்டு விட்டு ஓடும், அதைத்தான் மிஸ்ஸிங் என்கிறோம்.

"காயில் மாத்தறதுக்கு முன்னாடி மிஸ்ஸிங் அடிச்சுட்டே எத்தனை நாளுங்ணா ஓட்டுனீங்க?"

"ஒரு மாசம் இருக்குமுங்க. நடுவுல கோத்தகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்தோம். குலுக்கிக்கிட்டேதான் ஏறுச்சு."

"செக் லைட் எரிஞ்சுதுங்களா?"

"எரிஞ்சுதுங்க. மேட்டுல விட்டு விட்டு மின்னுச்சு. கீழ வந்ததும் மின்னுறது நின்னு போச்சு. அதனால சரியாப் போச்சுன்னு விட்டுட்டனுங்க."

என் சந்தேகம் அந்த இடத்தில்தான் சைலன்சர் பக்கம் திரும்பியது.

டாஷ்போர்டில் இருக்கும் செக் லைட் விடாமல் எரிவதும், மின்னி மின்னி எரிவதும் வேறு வேறு செய்திகள். விடாமல் எரிந்தால் "ஏதோ ஒரு கோளாறைப் பதிவு செய்திருக்கிறேன், சீக்கிரம் பாருங்கள்" என்று பொருள். மின்னினால் "இப்போது, இந்த நொடியில், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கெட்டுப்போகும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது" என்று பொருள். மின்னுவது நின்றுவிட்டால் கோளாறு சரியாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இன்ஜின் மேல் சுமை குறைந்ததால் மிஸ்ஸிங் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்ஜினுக்குள் நடப்பதைச் சொல்கிறேன். நான்கு சிலிண்டர் வண்டி ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் நிற்கும்போது, நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் சுற்றும் வேகம் அந்த ஒரு கணத்துக்குத் துளி தொய்யும். கிராங்க் சென்சார் வழியாக இன்ஜின் கம்ப்யூட்டர் அதை எண்ணிக்கொண்டே இருக்கிறது. எரியாத பெட்ரோலும் காற்றும் அப்படியே வெளியே தள்ளப்படுகின்றன. அடுத்து அவை போய்ச் சேருவது கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்கு. தேன்கூடு போல நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி அது. துளைகளின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். சாதாரண ஓட்டத்திலேயே பல நூறு டிகிரி சூட்டில் இருக்கும். சிலிண்டருக்குள் எரிந்திருக்க வேண்டிய பெட்ரோல் அங்கே போய் எரிந்தால் சூடு எல்லை மீறும். பீங்கான் உருகித் துளைகள் அடைத்துக்கொள்ளும். மிஸ்ஸிங்கோடு மலை ஏறுவதைவிட வேகமாக ஒரு கன்வெர்ட்டரைக் கெடுக்க வழியில்லை. சுமை அதிகம், உள்ளே போகும் பெட்ரோலும் அதிகம்.

அண்ணாவின் வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஐட்லிங் சீராகத்தான் இருந்தது. நின்ற இடத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் மூவாயிரம் சுற்றுக்கு மேல் போகத் தயங்கியது. ஸ்கேனரில் கோடு (கோளாறைக் குறிக்கும் எண்) எதுவும் இல்லை. பார்ட்ஸ் மாற்றும்போது யாரோ அழித்திருக்கிறார்கள். கோடு இல்லாவிட்டாலும் லைவ் டேட்டா, அதாவது சென்சார்கள் அந்த நொடியில் காட்டும் அளவுகள், இருக்கிறதே. ஐட்லிங்கில் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தம் 36 கிலோபாஸ்கல் காட்டியது. அது நல்ல அளவு. 2,500 சுற்றில் ஒரே சீராகப் பிடித்தேன். நல்ல இன்ஜினாக இருந்தால் அந்த அளவு அப்படியே நிற்க வேண்டும். இதில் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போனது. புகை வெளியேற வழியில்லாமல் உள்ளே தேங்கினால்தான் இப்படி ஏறும்.

உறுதி செய்துகொள்ள, கன்வெர்ட்டருக்கு முன்னால் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜைப் பொருத்தினேன். 2,500 சுற்றில் 3 பிஎஸ்ஐக்குள் இருக்க வேண்டிய எதிரழுத்தம் 7 காட்டியது. கேஜைக் கழற்றித் துளையைத் திறந்தே வைத்துக் கொஞ்ச தூரம் ஓட்டிக் காட்டினேன். சத்தம் காதைப் பிளந்தது, ஆனால் இழுவை வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த அண்ணா ஒன்றும் பேசவில்லை. பட்டறைக்குத் திரும்பியதும், "அப்ப அந்த பம்பு மாத்தினது?" என்று மட்டும் கேட்டார். பழைய பம்பில் கோளாறு இருந்திருக்காது என்றேன். மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னொரு கேள்வி பாக்கி இருந்தது. மூன்றாம் சிலிண்டர் காயில் முதலில் ஏன் போனது? நான்கு பிளக்குகளையும் கழற்றினேன். கம்பெனியில் வந்த பிளக்குகள், ஒரு முறைகூட மாற்றவில்லை. அந்த வண்டிக்கான புத்தகம் 40,000 கிலோமீட்டரில் மாற்றச் சொல்கிறது. சுமார் 1 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய இடைவெளி தேய்ந்து 1.4 ஆகியிருந்தது. இடைவெளி கூடக் கூட, பொறி தாவுவதற்குக் காயில் அதிக வோல்டேஜ் தள்ள வேண்டும். மாதக்கணக்கில் அப்படித் தள்ளினால் அதன் இன்சுலேஷன் விட்டுப்போகும். பொறி பிளக்கின் முனையில் விழாமல் ரப்பர் பூட்டைத் துளைத்துப் பக்கத்து இரும்பில் பாயும். காயிலை மட்டும் மாற்றிப் பிளக்கை விட்டிருந்தார்கள். இப்படியே போயிருந்தால் புதுக் காயிலும் போயிருக்கும்.

சில நூறு ரூபாய் பிளக், சில ஆயிரம் ரூபாய் காயிலைக் கெடுத்தது. காயில், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கன்வெர்ட்டரைக் கெடுத்தது. நான் இதை எழுதுவதே இந்தச் சங்கிலிக்காகத்தான்.

"உள்ள இருக்கிற பீங்கானை இடிச்சு எடுத்துட்டு வெறும் டப்பாவை மாட்டிடலாமுங்களா?" என்று அண்ணா கேட்டார். நிறையப் பேர் கேட்பதுதான். நான் செய்வதில்லை. வண்டி இழுக்கும், உண்மைதான். ஆனால் கார்பன் மோனாக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் சுத்தமாகாமல் அப்படியே வெளியே வரும். அந்தப் புகையைச் சுவாசிப்பது பின்னால் பைக்கில் வருகிறவர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவும் கம்பெனி வடிவமைப்பை இப்படி மாற்றுவதை அனுமதிப்பதில்லை. புதுக் கன்வெர்ட்டர், நான்கு பிளக். இரண்டும் மாற்றி அனுப்பினேன்.

இனி, மிஸ்ஸிங்கோடு ஒரு வண்டி வந்தால் நான் எப்படிப் பார்க்கிறேன் என்று சொல்கிறேன். உங்கள் மெக்கானிக்கோடு பேச அது உதவும்.

ஸ்கேனர் போட்டு பி0303 என்று வந்தால், மூன்றாம் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். மூன்றாம் சிலிண்டர் காயில் போய்விட்டது என்று பொருள் இல்லை. காயிலாக இருக்கலாம், பிளக், இன்ஜெக்டர், எலி கடித்த வயர், கம்ப்ரஷன், எதுவாகவும் இருக்கலாம். செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மூன்றாம் சிலிண்டர் காயிலைக் கழற்றி ஒன்றாம் சிலிண்டரில் மாட்டு, ஒன்றாம் காயிலை மூன்றில் மாட்டு, கோடை அழித்துவிட்டு ஓட்டு. பி0301 என்று வந்தால் கோளாறு காயிலோடு நகர்ந்துவிட்டது, காயில்தான் குற்றவாளி. மறுபடி பி0303 வந்தால் காயிலை விட்டுவிட்டுப் பிளக்கை இதேபோல் இடம் மாற்றிப் பார்க்கலாம். காயில்கள் தனித்தனியாக இருக்கும் வண்டிகளில் கால் மணி நேர வேலை. "காயில் மாத்தணும்" என்று யாராவது சொன்னால், "இடம் மாத்திப் போட்டுப் பார்த்தீங்களா?" என்று கேளுங்கள். கேட்பதில் தவறே இல்லை.

பிளக்கைக் கழற்றும்போது அது இருந்த குழியை டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஆயில் நின்றால் இன்ஜினின் மேல்மூடியான டாப்பெட் கவரின் சீல் கசிகிறது. தண்ணீர் நின்றால், பெரும்பாலும் அந்த வண்டி அந்த வாரம் வாட்டர் சர்வீஸ் போயிருக்கும். பானெட்டைத் திறந்து இன்ஜின் மேல் பிரஷரில் தண்ணீர் அடிக்க விடாதீர்கள்.

ஒரு சிலிண்டரை மட்டும் காட்டாமல் பி0300 என்று பொதுவாக வந்தால், எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைத் தேட வேண்டும்: காற்று, பெட்ரோல், டைமிங். இங்கே நான் நம்புவது ஃபியூல் ட்ரிம் எண்ணை. பெட்ரோலைக் கூட்டியோ குறைத்தோ கம்ப்யூட்டர் தானாகச் செய்யும் திருத்தம் அது. நல்ல வண்டியில் பூஜ்யத்தை ஒட்டி, முன்பின் ஐந்தாறு சதவீதத்துக்குள் இருக்கும். ஐட்லிங்கில் 20 சதவீதத்துக்கு மேல் இருந்து, 2,500 சுற்றில் இயல்புக்கு வந்தால், எங்கோ ஒரு ஹோஸ் வெடித்துக் கம்ப்யூட்டரின் கணக்கில் வராத காற்று உள்ளே போகிறது. ஐட்லிங்கில் நன்றாக இருந்து, வேகம் எடுக்கும்போது ஏறிக்கொண்டே போனால், பெட்ரோல் போதவில்லை. பெட்ரோல் பம்பைச் சந்தேகிக்க வேண்டியது அப்போதுதான், அதையும் பிரஷர் அளந்த பிறகே மாற்ற வேண்டும். அண்ணாவின் வண்டியில் இந்த எண்ணை யாராவது பார்த்திருந்தால் பம்புக்கான பணம் அவர் பாக்கெட்டிலேயே இருந்திருக்கும்.

பெட்ரோல் போட்டு இறங்கிய சில கிலோமீட்டரிலேயே திணறத் தொடங்கினால் டேங்கில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது. எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும். அதைத்தான் பம்ப் முதலில் உறிஞ்சும். பங்க் பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரே சிலிண்டர் அடம்பிடித்தால், சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ். நான்கு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்ட வேண்டும். ஒன்று மட்டும் கணிசமாகக் குறைந்தால் வால்வு, ரிங் அல்லது ஹெட் கேஸ்கெட். கேஸ் கிட் போட்ட பழைய வண்டிகளில் வால்வு சீட் தேய்ந்து, வால்வு முழுதாக மூடாமல் இப்படி வருவதைப் பார்த்திருக்கிறேன். அதற்கு எத்தனை பிளக் மாற்றினாலும் பயனில்லை.

இழுவை இல்லை என்று வரும் எல்லா வண்டிக்கும் இன்ஜின் கோளாறு இருப்பதில்லை. மிதித்ததும் ஆர்பிஎம் ஏறுகிறது, வண்டி மட்டும் ஏறவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இழுவை நன்றாக இருந்து, சிக்னலில் நிற்கும்போது மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால் இன்ஜின் மவுன்ட். அப்புறம், ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. டர்போ இல்லாத எந்த நல்ல இன்ஜினும் அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலம் இழக்கும். கீழே வந்தால் சரியாகிவிடுகிறது என்றால் எந்தப் பார்ட்டும் மாற்ற வேண்டாம்.

பட்டறைக்கு வரும்போது "பிக்கப் இல்லை" என்பதோடு நிறுத்தாதீர்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினிலா, சூடான பிறகா? ஐட்லிங்கிலா, மேட்டிலா? ஏசி போட்டால் கூடுகிறதா? மழைக்குப் பிறகா? கடைசியாக என்ன வேலை செய்தீர்கள், பிளக் மாற்றி எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று? வரும் வழியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் கோடை அழிக்காதீர்கள். கோடு பதிவான நேரத்தில் வண்டி என்ன வேகத்தில், என்ன சூட்டில், எவ்வளவு சுமையில் ஓடியது என்பதும் கூடவே பதிவாகியிருக்கும். அதுவும் சேர்ந்து அழிந்துபோகும்.

மலைப்பாதையில் செக் லைட் மின்னினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். அகலமான இடமாகப் பார்த்து ஓரம் கட்டுங்கள். காய்ந்த புல், சருகு மேல் நிறுத்தாதீர்கள், அடியில் கன்வெர்ட்டர் நெருப்பாய்க் கொதித்துக்கொண்டிருக்கும். பர்லியாறு வரை வந்துவிட்டோம், இன்னும் கொஞ்ச தூரம்தான் குன்னூர் என்று தோன்றும். ஏறாதீர்கள். இன்ஜினை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

அண்ணாவின் பழைய கன்வெர்ட்டரை அவர் முன்னிலையிலேயே நெடுக வெட்டிப் பார்த்தோம். முன்பக்கத் துளைகள் மெழுகு போல உருகி ஒட்டியிருந்தன. நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு வழி மட்டும் மிச்சமிருந்தது. அவர் அதைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "வீட்டுல இன்னொரு வண்டி நிக்குதுங்க தம்பி. அதுக்கும் பிளக் மாத்தவே இல்ல. நாளைக்குக் கொண்டாரட்டுங்களா?" என்றார்.